சொத்துப் பட்டியலை வாசிக்கும் கலை

காலனிக் கால அமெரிக்காவில் சொத்துள்ள ஒருவர் இறந்துபோனால், அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேரை நீதிமன்றம் அவர் வீட்டுக்கு அனுப்பும். அவர்கள் அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் விலை மதித்து எழுதுவார்கள்: இரும்புச் சட்டி, இறகு மெத்தை, பழைய விரிப்பு, கறவை மாடு. கடன்காரர்களுக்காகவும் வாரிசுகளுக்காகவும் எழுதிய வறண்ட காகிதங்கள்தான். ஆனால் தேர்ந்த வரலாற்றாய்வாளர் ஒருவர் அவற்றை எடுத்து வாசிக்கும்போது மூடிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

அவர் முதலில் பார்ப்பது வரிசையை. மதிப்பிட வந்தவர்கள் நடந்த வழியே பட்டியல் போவதால், இடிந்து மறைந்த வீட்டின் அமைப்பு அதில் பதிந்திருக்கிறது. கூடத்துப் பொருள்களுக்கு நடுவே படுக்கை வந்தால், அங்கேயே தூங்கியிருக்கிறார்கள். அடுத்து, இருக்கவேண்டியது எது இல்லை என்று தேடுவார். 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியா, மேரிலாந்தின் எளிய குடியானவர் பட்டியல்கள் பலவற்றில் நாற்காலியே கிடையாது. பெட்டிமேலும் பலகைமேலும் உட்கார்ந்து, பொதுக் கிண்ணத்திலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அடுத்த நூற்றாண்டில் நாற்காலிகள் வருகின்றன. ஆளுக்கொரு தட்டு, முள்கரண்டி, தேநீர்க் கோப்பை வருகின்றன. வசதியான வீடுகளில் காலிக்கோவும் சிண்ட்ஸும் சேர்கின்றன. அந்தத் துணிகளில் நம் சோழமண்டலக் கரையில் சாயமேறிக் கப்பலேறியவையும் உண்டு.

ஜேம்ஸ் டீட்ஸ் 1977-இல் எழுதிய 'இன் ஸ்மால் திங்ஸ் ஃபர்காட்டன்' இந்த வாசிப்பை மண்ணுக்கடியில் கிடைப்பவற்றோடு இணைத்த புத்தகம். பட்டியலில் ஏறத் தகுதியில்லாத அற்பப் பொருள்கள்மீது அவருக்கிருந்த மதிப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. களிமண் புகைக்குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். மலிவானது, சட்டென்று உடைவது, உடைந்ததும் வீசப்படுவது. அதன் தண்டு காலப்போக்கில் நீண்டுகொண்டே போக, உள்ளே ஓடும் துளை சிறுத்துக்கொண்டே வந்தது: 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலத்தில் 64-இல் 9 பங்கு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 64-இல் 4 பங்கு. ஜே. சி. ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் சாதாரணத் துளையாணிகளை நுழைத்து அளந்தே இதைக் கண்டுபிடித்து 1954-இல் வெளியிட்டார். போதுமான துண்டுகள் கிடைத்தால், ஒரு குடியிருப்பில் எந்தக் காலத்தில் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இந்த எளிமையை நினைத்தால் இன்றும் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

பட்டியல்கள் யாரைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். மணமான பெண்ணின் உடைமை சட்டப்படி கணவனுடையது. அதனால் பெண்கள் பெயரில் பட்டியல்கள் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்பிய நூல் லாரல் தாட்சர் அல்ரிக்கின் 'எ மிட்வைஃப்ஸ் டேல்'. மெய்ன் பகுதியின் ஹாலோவெல் ஊரில் மருத்துவச்சியாக இருந்த மார்த்தா பல்லார்ட் 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். காலனி ஆட்சி முடிந்தபின் எழுதியதுதான். ஆனாலும் அதில் தெரியும் வாழ்க்கை அதற்கு முந்தைய தலைமுறையிலும் வேரோடியது. மழை, பிரசவம், பின்னல், பீன்ஸ் விதைப்பு என்று ஓடும் அதை, அற்ப விவரங்கள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அல்ரிக் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் மற்ற ஆவணங்களோடு பொருத்தி, மகள்களின் தறியில் நெய்த துணி எந்த வீட்டுக்குப் போனது, பதிலுக்கு என்ன வந்தது என்று பின்தொடர்ந்தார். ஆண்களின் கணக்குப் புத்தகங்களில் இல்லாத ஒரு பொருளாதாரமே எழுந்து நின்றது. 1991-இல் அந்நூல் புலிட்சர் பரிசு பெற்றது.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன, மாடுகளுக்குப் பக்கத்தில், விலையோடு. அந்த வரிகளைக் கடந்து அவர்கள் வாழ்வைத் தேடியவர்கள் வர்ஜீனியாவின் குடிசைத் தரைகளைத் தோண்டினார்கள். தரைக்கடியில் சிறு குழிகள். அவற்றில் பொத்தான், மணி, எலும்பு, உடைந்த பாத்திரம். கிழங்கு சேமித்த குழியா, சொந்தப் பொருளைப் பத்திரப்படுத்திய இடமா, வழிபாட்டுக்கானதா என்று விவாதம் தொடர்கிறது. அவசரப்பட்டு ஒரு விடையில் நிற்காத ஆய்வாளர்கள்மீது எனக்குத் தனி மரியாதை.

இதையெல்லாம் பார்வையாளருக்கு உயிரோடு காட்டுவது இன்னொரு கடினமான வித்தை. மீட்டமைக்கப்பட்ட வில்லியம்ஸ்பர்க் நகரில், புரட்சிக்கு முந்தைய காலத்தில் மக்கள்தொகையில் பாதிப் பேர் கறுப்பர்கள். அவர்கள் வாழ்வை நடித்துக் காட்டும் முயற்சி 1979-இல்தான் தொடங்கியது. மாசசூசெட்ஸின் பிளிமத் அருங்காட்சியகத்தில், ஆங்கிலேயர் கிராமத்தில் இருப்பவர்கள் 17-ஆம் நூற்றாண்டு மனிதர்களாகவே பேசுவார்கள். பின்னால் நடந்த எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அதே வளாகத்தில் வாம்பனோக் குடியிருப்பில் நிற்கும் பூர்வகுடியினர் வேடம் போடுவதில்லை. முன்னோர் முறையில் படகு குடைந்து, சமைத்துக் காட்டினாலும், பேசுவது இன்றைய மனிதர்களாகத்தான். தங்கள் மக்கள் 17-ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோகவில்லை என்பதால் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளைப் பற்றியும் கேட்கலாம், பதில் வரும். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது முறைதான்.