'நோ டியூ' வாசகர்கள்

பல்கலைக்கழக மாணவர்கள் நூலகத்துக்குப் போவதில்லை என்பது நம் பேராசிரியர்கள் சலிக்காமல் வைக்கும் ஒப்பாரி. நூலகம் புனிதம், மாணவர் குற்றவாளி என்கிற எதிர்வு இதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம்.

நூலகத்துக்குள் ஒருமுறைகூட நுழையாதவரும் படிப்பு முடிகிறபோது அங்கே போய்த்தான் ஆகவேண்டும், 'நோ டியூ' கையெழுத்துக்காக. என்ன படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாயா என்பதுதான் கேள்வி. ஆக, வாசகர் இங்கே கடன்காரர். பையை வாசலிலேயே வைத்துவிட்டு வா என்கிறபோது சந்தேகத்துக்குரியவரும்கூட.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. நூலகத்தைக் காவல்கிடங்காகப் பார்த்த மனோபாவத்துக்கு எதிரான குரல் அது. இன்று பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்கிறார்கள், அதோடு சரி. புத்தகம் தொலைந்தால் நூலகர் பதில் சொல்லவேண்டும். யாரும் தொடாமல் செல்லரித்தால் கேட்பாரில்லை. அப்புறம் பூட்டுதானே ஜெயிக்கும்?

ஆனாலும் மாணவர்கள் வராமலில்லை. டிஎன்பிஎஸ்சி கைடுகளோடு வந்து மேஜைகளை நிரப்பத்தான் செய்கிறார்கள். சொந்தப் புத்தகத்துக்கு அனுமதியில்லை என்று சில இடங்களில் விரட்டுகிறார்கள். இவர்கள் 'உண்மையான வாசகர்கள்' அல்ல என்பது சுத்த மேட்டிமைத்தனம். ஒண்டுக்குடித்தனத்திலிருந்தோ, நெருக்கியடிக்கும் விடுதி அறையிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நூலகம் என்பது முதலில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, தொந்தரவில்லாத நாலு மணிநேரம். இதுவும் பயன்பாடுதான்.

இதோடு நின்றுவிடவும் முடியாது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது இரண்டாம் விதி. அந்த மேஜையிலிருந்து எழுந்து அலமாரிப் பக்கம் போனால், இவருக்கான நூல் அங்கே இருக்கிறதா? பாடத்திட்டத்தைப் பார்த்து வாங்குகிற இடத்தில் சிறுபத்திரிகைக்கும் குஜிலிப் பாட்டுப் புத்தகத்துக்கும் என்ன மரியாதை? அப்படிப்பட்ட அச்சுகளையும் சேர்த்துக் காப்பாற்றியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா என்கிற தனிமனிதர். அவர் மறைவுக்குப்பின் அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம், நம்முடையவை அல்ல. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமானது.

என்ன வாங்குவது என்று முடிவெடுக்கும் இடத்தில் மாணவர்களையும் உட்கார வையுங்கள். அலமாரிகளைத் திறந்து விடுங்கள். பிள்ளைகள் படிக்கிறார்களா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.