கொத்தனாரின் டியூப் லெவல்

வீட்டில் மராமத்து வேலை. அடுப்பு திண்ணைக்கு வந்துவிட்டது. டிவி துணி போர்த்தி மூலையில் இருக்கிறது. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு, கொத்தனார் வேலையைப் பார்ப்பதுதான்.

எனக்குப் பிடித்தது அவருடைய டியூப் லெவல். சுண்டுவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். ஒரு முனையைக் கூடத்துச் சுவரில் போட்ட கோட்டோடு சேர்த்துப் பிடிக்கிறார். மறுமுனை சமையலறையில் சித்தாள் அக்கா கையில். "ஏத்தும்மா... கொஞ்சம் இறக்கு... அப்படியே இரு." தண்ணீர் ஆடி அடங்கியதும் பென்சிலால் ஒரு கோடு. நடுவே சுவர் நின்றாலும் இரண்டு கோடும் ஒரே மட்டம்.

குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் மட்டம் தப்பும். அதனால் விரலால் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றிய பிறகே வேலையைத் தொடங்குகிறார். அந்தப் பொறுமை அழகு.

டைல்ஸின் உயரம், குளியலறைத் தரையின் வாட்டம், சமையல் மேடை எல்லாம் அந்தக் கோட்டிலிருந்தே அளக்கப்படுகின்றன. பூச்சு வேலை முடிந்தால் கோடு மறைந்துவிடும். உங்கள் வீட்டில் வேலை நடந்தால், அதற்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.