இதர வருமானம்!

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஓரகடம் வரை ஒருநாள் சும்மா வண்டியில் போய்ப் பாருங்கள். கம்பெனிகளின் முன்பக்க கேட் எல்லாம் ஜோராக இருக்கும். புல்வெளி, கொடிக்கம்பம், பசுமையைப் பற்றி ஒரு பெரிய போர்டு. அதோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் இன்னொரு கேட் உண்டு. அங்கே தார்ப்பாய் போட்ட லாரிகள் எடைமேடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரும்புச் சீவல், தகட்டுத் துண்டு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறை, மரப் பேலட்... எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், ஸ்கிராப்.

கொஞ்ச காலமாக எந்தத் தொழில் கருத்தரங்குக்குப் போனாலும் 'சர்க்குலர் எகானமி' என்கிறார்கள். தமிழில் சுழற்சிப் பொருளாதாரம். எடு, செய், தூக்கியெறி என்று நேர்கோட்டில் போகாதே. எறிவதையே மூலப்பொருளாக மறுபடி உள்ளே கொண்டு வா என்பது தத்துவம். வட்டமாகப் பச்சை அம்புக்குறி போட்ட ஸ்லைடு, கைதட்டல், டீ, சமோசா.

எனக்குத் தத்துவத்தின் மேல் புகார் இல்லை. அந்த வட்டத்தை எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்பதில்தான் புகார். எல்லோரும் பின்பக்க கேட்டில் ஆரம்பிக்கிறார்கள். 'எங்கள் கழிவில் பெரும்பகுதி மறுசுழற்சிக்குப் போகிறது' என்று பெருமை வேறு. போகாமல்? இரும்புத் துண்டை நம் ஊரில் எவன் சார் குப்பையில் போடுவான்? காயலான் கடை என்று ஒன்று வந்த நாளிலிருந்து அது மறுசுழற்சிதான். அவ்வளவு ஸ்கிராப் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு 'ப்ராசஸ் காஸ்டிங்' கணக்கு ஞாபகமிருக்கும். 1,000 யூனிட் உள்ளே போகும்; நார்மல் லாஸ் 5 சதவிகிதம் என்று கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். அந்த ஐம்பதை ஸ்கிராப் விலைக்கு வரவு வைத்து, மிச்ச 950-க்குச் செலவைப் பங்கிட்டால் முழு மார்க். அந்த 5 ஏன் 4 ஆகக் கூடாது என்பது சிலபஸில் கிடையாது. 'நார்மல்' என்று பெயர் வைத்த பிறகு யார் கேட்பார்கள்? அந்தப் பாடத்தோடு வந்தவர்கள்தான் கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கார் பாடியில் எவ்வளவு நார்மல் தெரியுமா? தகடு சுருளாக வருகிறது. பிரித்து வெட்டி, டையில் வைத்து அழுத்தினால் கதவு. கதவில் கண்ணாடி வருகிற இடம் ஓட்டை. அந்த ஓட்டையில் இருந்த தகடும் காசு கொடுத்து வாங்கியதுதானே! அழுத்தும்போது பிடித்துக்கொள்வதற்காக ஓரத்தில் கொஞ்சம் கூடுதல் விடுவார்கள்; வேலை முடிந்ததும் அதையும் வெட்டிவிடுவார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்டனும் ஆல்வுட்டும் கார் தயாரிப்பில் இதைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். வாங்குகிற தகட்டில் சராசரியாக 56 சதவிகிதம்தான் காரில் போய்ச் சேருகிறதாம்.

சின்னதாக ஒரு கணக்கு. தகடு கிலோ 60 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள், துண்டு கிலோ 30-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ வாங்கினால் 44 கிலோ துண்டு. விற்றால் 1,320 ரூபாய். இது 'இதர வருமானம்' என்ற தலைப்பில் பளிச்சென்று உட்காரும். ஆனால் அந்த 44 கிலோவை வாங்கியது 2,640-க்கு. போன 1,320 எங்கே? மெட்டீரியல் செலவுக்குள் சத்தமில்லாமல் படுத்திருக்கிறது. வந்த பணத்துக்குத் தலைப்பு உண்டு, போன பணத்துக்கு இல்லை. ஸ்கிராப் விற்பனை போன வருடத்தைவிட ஏறினால் ரிவ்யூ மீட்டிங்கில் பாராட்டுகூடக் கிடைக்கும்!

பெரிய லிஸ்டட் கம்பெனிகள் ஆயிரமும் 2022-23 முதல் 'செபி'க்கு ஓர் அறிக்கை தர வேண்டும். மொத்தக் கழிவு எத்தனை டன், அதில் மறுசுழற்சி எத்தனை டன் என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நல்ல படிவம்தான். விளம்பரத்துக்கு மட்டும் இரண்டாவது கட்டம்தான் வருகிறது.

டிசைன் செய்யும்போதே தகட்டில் துண்டுகளை நெருக்கி அடுக்கலாம். ஜன்னல் ஓட்டைத் தகட்டில் சின்ன பிராக்கெட் அடிக்கலாம். டெய்லர் கடையில் மிச்சத் துணியில் பாக்கெட் தைப்பதில்லையா, அதேதான். உருக்கினால் அது பெரும்பாலும் கட்டடக் கம்பியாகத்தான் போகும், அதற்கும் கரன்ட் செலவு. பிராக்கெட் அடித்தால் இன்னொரு தகடு வாங்குவதே மிச்சம்.

ஆனால் ஸ்கிராப் குறைந்தால் வலிக்கிறவர்கள் கேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். சிப்காட்டுக்கு நிலம் போன கிராமங்கள் இவை. பையன் ஐ.டி.ஐ. முடித்திருந்தாலும் உள்ளே நிரந்தர வேலை என்பது குதிரைக்கொம்பு. ஊர்க்காரர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீர் லாரி, ஆள் ஏற்றும் வேன், ஸ்கிராப் கான்ட்ராக்ட். முதல் இரண்டில் உழைத்தால் காசு. மூன்றாவதில் கான்ட்ராக்ட் கைக்கு வந்தாலே காசு. அதனால்தான் அதற்குள் அரசியலும் அரிவாளும் வந்தன. கம்பெனிகளை மிரட்டி ஸ்கிராப் எடுக்கிறார்கள் என்ற புகார்கள் முற்றி, 2022 ஜனவரியில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்து ரவுடிகளைப் பிடிக்க போலீஸ் தனிப்படையே அமைக்க வேண்டிவந்தது. பச்சை அம்புக்குறி ஸ்லைடில் இந்த அத்தியாயத்துக்கு இடமே இல்லை. கழிவைக் குறைக்கிறேன் என்று ஒரு மேனேஜர் கிளம்பினால், அவர் யார் வருமானத்தில் கை வைக்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நிலம் கொடுத்த ஊருக்கு ஸ்கிராப்பைத் தவிர வேறு என்ன கொடுத்தோம் என்று கேட்காமல் இந்தப் பேச்சு ஓர் அடி நகராது.

நன்றாக நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். உதிரிபாகம் வரும் அட்டைப்பெட்டிக்குப் பதில் திரும்பப் போகும் பிளாஸ்டிக் பெட்டி, இரும்பு டிராலி. காலியாகப் போய் நிரம்பி வரும், பால்காரர் கேன் மாதிரி. கான்ட்ராக்ட் தகராறு இல்லாததால் இது சத்தமில்லாமல் நடக்கிறது.

இப்போது ரெனோ கம்பெனியைப் பாருங்கள். நிஸ்ஸானோடு சேர்ந்து 2010-ல் ஓரகடத்தில் ஆலை திறந்தது. 2025-ல் நிஸ்ஸானின் பங்கையும் வாங்கிக்கொண்டது. இதே ரெனோ, பாரிஸ் பக்கத்தில் ஷ்வாஸி-ல-ருவா என்ற ஊரில் 1949-லிருந்து பழைய எஞ்சின்களையும் கியர்பாக்ஸ்களையும் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதுசுபோல விற்றுவந்தது. 2020-ல் ஃப்ளான்ஸ் என்ற தன் பெரிய கார் ஆலையையே படிப்படியாக இந்த மாதிரி வேலைக்கு மாற்றுவதாக அறிவித்தது. அங்கே முடிகிறது. இங்கே?

இங்கே நமக்கு அந்த வித்தை தெரியாமல் இல்லை. புதுப்பேட்டை இருக்கிறதே! (வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் பார்ட் பார்ட்டாகப் பிரித்துவிடுவார்கள் என்ற பழைய ஜோக்கை எத்தனை முறை கேட்டிருப்போம்.) சில்லு முதல் கியர்பாக்ஸ் வரை அங்கே இரண்டாவது ஆயுள் வாங்கும். பில் கிடையாது, வாரன்டி கிடையாது, கறுப்பு எண்ணெய் போவது சாக்கடைக்கு. அதை ஒழுங்காகச் செய்துகாட்ட ஓரகடத்திலேயே, மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில், பழைய வண்டியைப் பிரிக்கும் மாதிரிக்கூடம் ஒன்றை 2010-களின் தொடக்கத்திலேயே அமைத்தார்கள். எண்ணெயை எப்படி வடிப்பது, பேட்டரியை எப்படி எடுப்பது எல்லாம் அதில் உண்டு. புதுப்பேட்டைக்காரர்களைக் கூட்டிவந்து பழக்கி, ஒரு ஷெட்டும் லைசென்ஸும் கொடுத்திருந்தால் நம்மிடமும் ஒரு ஷ்வாஸி உருவாகியிருக்கும்.

2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளோ வேறு வழியில் போகின்றன. சொந்தக் கார் என்றால் 20 வருடம், வணிக வாகனம் என்றால் 15 வருடம் முன்பு விற்ற வண்டிகளில் இருந்த இரும்பில் குறைந்தது 8 சதவிகிதத்துக்குத் தயாரிப்பாளர் சான்றிதழ் காட்ட வேண்டும். சான்றிதழ் இரும்பின் எடைக்கு. கியர்பாக்ஸைக் கழற்றி இன்னொரு வண்டியில் ஓட வைத்தால் அதற்கு ஒரு கிராம்கூட வரவு இல்லை. மறுபடியும் எடைமேடைதான்.

ஓரகடத்தில் முதன்முதலாகச் செய்த நிஸ்ஸான் மைக்ரா கார்களுக்கு 2030-ல் 20 வயது ஆகிறது.