காணாமற்போனவரும் கைமாறும் கோப்பும்

ஓர் ஆள் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் திரும்பி வராதிருந்து, நாட்கள் வாரங்களாகி வாரங்கள் மாதங்களாகி, ஸ்தலக் காவல் நிலையத்தார் சொல்லும் 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்னும் மறுமொழியும் தேய்ந்துபோன பிற்பாடு, உற்றாரும் ஊராரும் அரசியல் கட்சியினரும் ஏகோபித்து எழுப்புகின்ற கோரிக்கை ஒன்று நம் தேசத்தில் உண்டு: வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்ற வேண்டும் என்பது. இக்கோரிக்கை இப்போது ஒரு சடங்கின் ஸ்தானத்தை அடைந்துவிட்டது. சுவரொட்டியில் முதலிலும் ஆட்கொணர்வு மனுவில் பின்னரும், இறுதியாக உயர்நீதிமன்றத்தின் ஆணையிலும் அது இடம்பெறுகிறது. ஸ்தல போலீஸாருக்கும் மத்தியப் புலனாய்வாளருக்கும் இடையில் அதனால் விளையும் மனத்தாங்கலைப் பத்திரிகைகள் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் நடக்கும் வழக்கமான பூசலாகவே வர்ணித்துப் பழகிவிட்டன. அந்த வர்ணனை பாதி உண்மைதான் என்பது என் அபிப்பிராயம். அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு அந்தமானைப் போல வசதியான இடம் வேறில்லை.

பெருநிலத்தில் இப்பூசலுக்குச் சட்டரீதியான வேர் ஒன்று இருக்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை காவல் துறையை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. 1963 ஏப்ரல் முதல் தேதியில் தோன்றிய சி.பி.ஐ.யோ, 1946 ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தைத் தன் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் கொண்டது; அச்சட்டத்தின் 6 ஆம் பிரிவு, மாநில அரசின் சம்மதமின்றி அம்மாநிலத்தில் அது கால் வைக்கலாகாது என்கிறது. மாநிலங்கள் பல அடுத்தடுத்துத் தங்கள் பொதுச் சம்மதத்தை விலக்கிக்கொண்டன. 2023 ஜூன் மாதம் தமிழ்நாடும் அவ்வாறே செய்தது. ஆயினும் உயர்நீதிமன்றமோ உச்சநீதிமன்றமோ ஆணையிடுமாயின் மாநிலத்தின் சம்மதம் அவசியமில்லை என்றும், அந்த அதிகாரத்தை அரிதாகவும் எச்சரிக்கையுடனும் பிரயோகிக்க வேண்டும் என்றும் 2010 இல் மேற்கு வங்க வழக்கொன்றில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அரிதாக என்ற சொல்லை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அந்தமானில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இது யூனியன் பிரதேசம்; சம்மதம் கேட்க வேண்டிய மாநில அரசு என்று ஒன்று இங்கே கிடையாது. போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் இந்நகரில், மரைன் ஹில் சரிவில் நின்று துறைமுகத்தைப் பார்க்கிறவனுக்குப் போலீஸ் படகும் கடலோரக் காவல் படையின் கப்பலும் கடற்படைக் கலமும் வெவ்வேறு வர்ணத்தில் தோன்றினும், அவற்றின் சம்பளப் பட்டியல்கள் யாவும் தில்லியில் சென்று சேர்பவையே. போலீஸ் தலைமை இயக்குநர் பல யூனியன் பிரதேசங்களுக்கும் சில மாநிலங்களுக்கும் பொதுவான பணித்தொகுதியிலிருந்து வருகிறவர். சில வருஷங்களில் மாற்றலாகிப் போகிறவர். இந்நிலையில் ஸ்தல விசாரணைக்கும் மத்திய விசாரணைக்கும் இடையே உரசலே இருக்கலாகாது. ஆனால் இருக்கிறது. அப்படியானால் அதன் வேர் அரசியல் சட்டத்தில் மட்டும் இல்லை. இடத்தை அறிந்தவனுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவனுக்கும் உள்ள தூரத்தில் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

2018 நவம்பரில் உலகெங்கும் பேசப்பட்ட ஜான் ஆலன் சாவ் விவகாரத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அமெரிக்க இளைஞரான அவர், மதப் பிரசார நோக்கத்தோடு, நகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. மேற்கே கிடக்கும் வட சென்டினல் தீவுக்கு மீனவர் சிலரின் உதவியால் ரகசியமாகச் சென்றார். நவம்பர் 17 ஆம் தேதி காலை, கரையில் அவரையொத்த ஓர் உடலைத் தீவினர் இழுத்துச் சென்று புதைப்பதை அம்மீனவர்கள் கடலிலிருந்து கண்டனர். அவர்கள் கண்ட செய்தி போர்ட் பிளேரிலிருந்த நண்பர் ஒருவர் வழியாக அமெரிக்காவிலுள்ள குடும்பத்தாரை அடைந்து, அவர்களிடமிருந்து சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எட்டி, அங்கிருந்து நவம்பர் 19 ஆம் தேதி அந்தமான் போலீஸாரிடம் வந்து சேர்ந்தது. கண் முன்னே நடந்ததை நேரே காவல் நிலையத்தில் சொல்லாமல் அம்மீனவர்கள் ஏன் ஒளித்தனர் என்றால், 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி அத்தீவை அணுகுவதே குற்றம். சாட்சி சொல்ல வாய் திறந்த மாத்திரத்தில் அவர்களே குற்றவாளிகளாகிவிடுவார்கள். ஸ்தல போலீஸாரின் பெரும் பலமென்று நாம் புகழும் உள்ளூர் அறிவு, சட்டத்துக்கு அஞ்சி அந்தப் போலீஸாரிடமிருந்தே ஒதுங்கி ஒளிந்துகொள்வதும் உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தவை இன்னும் சுவாரஸ்யமானவை. மத்திய உள்துறை அவ்வாண்டின் நடுவிலேதான் வெளிநாட்டார் அனுமதிக் கட்டுப்பாட்டை 29 தீவுகளுக்குத் தளர்த்தியிருந்தது. வட சென்டினலும் அப்பட்டியலில் இருந்தது. 1956 விதியோ அப்படியே அமலில் இருந்தது. ஆகவே ஒரே அரசாங்கத்தின் ஒரு கை கதவைச் சற்றே திறந்திருக்க, மற்றொரு கை அதைத் தாழிட்டே வைத்திருந்தது. பழங்குடியினர் தேசிய ஆணையம் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. கொலை வழக்குப் பதிவாகி, மீனவர் உள்ளிட்ட ஏழு பேர் கைதாயினர். உடலை மீட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கடல் கடந்தும் இருந்தது. தலைமை இயக்குநராயிருந்த தீபேந்திர பாடக்கின் போலீஸார் மானிடவியல் அறிஞர்களைக் கலந்து ஆலோசித்தனர். படகில் சென்று, சுமார் 400 மீட்டர் தொலைவிலிருந்து கரையை நோக்கினர். வில்லும் அம்பும் ஏந்தியோர் நிற்பதைக் கண்டு திரும்பினர். 2006 இல் இதே தீவில் மீனவர் இருவர் மாண்டபோது உடல்களை மீட்கச் சென்ற ஹெலிகாப்டரை அம்புகள் எதிர்கொண்ட வரலாறு அவர்களுக்குத் தெரியும். வெளி நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியற்ற அச்சிறு சமூகத்தினிடையே ஒரு தேடுதல் குழு இறங்குவது, இறந்தவரின் பொருட்டு இருப்போரைப் பலியிடுவதாக முடியலாம். கோப்பின் பார்வையில் இவ்விசாரணை பூர்த்தியாகாத ஒன்று. என் மதிப்பில், அந்தமான் போலீஸாரின் கௌரவமான செயல்களுள் ஒன்று. அமெரிக்க அரசும் அப்பழங்குடியினர்மீது நடவடிக்கை எதையும் தான் கோரவில்லை என்று 2019 பிப்ரவரியில் தெரிவித்தது. தூரத்திலிருந்து வந்த ஒரு புலனாய்வுக் குழு, தனக்கிட்ட பணியை முடித்துக்காட்டும் ஆவலில், இதே நிதானத்தைக் கடைப்பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதைக் கொண்டு ஸ்தலத்தாரே சாலச் சிறந்தவர் என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். காணாமற்போனவரைக் காணாமற்போக்கியவரே ஸ்தல அதிகாரியாக இருந்துவிட்டால் என்ன கதி? 1964 ஜூன் 21 ஆம் தேதி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர் மறைந்தனர். அவர்களைக் கைது செய்து இரவில் விடுவித்ததாகச் சொன்ன துணை ஷெரிப்பே சதியில் ஒருவன் என்பது பின்னர் வெளிப்பட்டது. உள்ளூர் அதிகாரிகள் இது வெறும் விளம்பர நாடகமென்று ஏளனம் செய்துகொண்டிருக்க, மத்திய அமைப்பான எப்.பி.ஐ. இறங்கி, ஆகஸ்டு 4 ஆம் தேதி ஒரு மண் அணையினடியிலிருந்து மூவரின் உடல்களையும் தோண்டியெடுத்தது. மாநிலம் கொலை வழக்குத் தொடர மறுத்ததால், 1967 இல் மத்தியச் சட்டத்தின் கீழேயே எழுவர் தண்டனை பெற்றனர். நம் பக்கத்திலும், நெருக்கடி நிலைக் காலமாகிய 1976 இல் கோழிக்கோட்டு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜனைப் பிடித்துச் சென்று மறைத்தது மாநிலப் போலீஸேதான்; அவருடைய தந்தை ஈச்சர வாரியர் உயர்நீதிமன்றத்தை அணுகியதன் விளைவாக 1977 இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி துறக்க நேர்ந்தது. இத்தகைய சந்தர்ப்பங்களில் வெளியாரின் கை இல்லாமல் நியாயம் கிடைக்காது. இதை மறுப்பவரோடு எனக்கு வாதமில்லை.

ஆனால் மிசிசிப்பிக் கதையில் அதிகம் பேசப்படாத ஓர் அம்சம் இருக்கிறது. கடற்படையினர் நூற்றுக்கணக்கில் வந்து சதுப்பு நிலங்களைச் சலித்தும் கிட்டாத உடல்கள், உள்ளூர் ரகசியம் அறிந்த ஒருவரிடமிருந்து கிடைத்த துப்பினால்தான் அகப்பட்டன. ஆக, மத்திய அமைப்பு கொணர்ந்தது அச்சமின்மையையும் பட்சபாதமின்மையையும். இடத்தைக் காட்டியது உள்ளூர் வாய். இவ்விரண்டு குணங்களும் ஒன்றுக்கொன்று ஈடாகக்கூடியவை என்று எண்ணி, ஒன்றை நீக்கி மற்றொன்றை அமர்த்துவதே நம் வழக்கத்தின் மூலக் கோளாறு. வழக்கு மாற்றம் என்பது பட்சபாதத்துக்கு மருந்து. அதனைத் தேடலுக்கும் மருந்தாக நாம் பாவிக்கிறோம்.

தேடலுக்கு அது மருந்தாகாமைக்கு முதற்காரணம் காலம். காணாமற்போன வழக்கில் சில நாட்களோ வாரங்களோ கழிந்தால் கண்காணிப்புக் கேமராவில் பதிந்தது அழிந்துவிடும். பேருந்து நடத்துநரின் நினைவு மங்கிவிடும். செல்பேசியின் தடம் குளிர்ந்துவிடும். மத்திய அமைப்பு வருவதோ மாதக்கணக்கில் கழித்து. தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2016 அக்டோபர் 15 ஆம் தேதி விடுதியிலிருந்து மறைந்தார், வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது 2017 மே மாதத்தில்; துப்பில்லை என்று அவ்வமைப்பு முடிப்பறிக்கை தாக்கல் செய்தது 2018 அக்டோபரில்; நீதிமன்றம் அதை ஏற்றது 2025 ஜூனில். அந்தமானைப் போலவே தில்லிப் போலீஸும் மத்திய உள்துறைக்கு அடங்கியது என்பதைக் கவனித்தால், அங்கே அம்மாணவரின் தாயார் வீதியில் நின்று கோரியது மத்திய அதிகாரத்தை அன்று, ஏற்கெனவே அவநம்பிக்கைக்கு ஆளாகாத வேறொரு முகத்தை என்பது விளங்கும். அமெரிக்கர் இக்காலப் பிரச்சினையைச் சட்டத்தாலேயே அணுகினர். லிண்ட்பர்க் என்னும் புகழ்பெற்ற விமானியின் குழந்தை 1932 இல் கடத்தப்பட்டதையடுத்து மத்தியக் கடத்தல் சட்டம் பிறந்தது. கடத்தப்பட்டவர் குறித்த கெடுவுக்குள் திரும்பாவிடில் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டதாக ஊகிக்கலாம் என்று 1934 இல் விதித்து, ஏழு நாளாயிருந்த அக்கெடுவை 1956 இல் 24 மணி நேரமாகக் குறைத்தனர். மத்திய அமைப்பின் வருகைக்கு அங்கே கடிகாரம் காரணமாகலாம்; இங்கே பெரும்பாலும் போராட்டமே காரணம்.

இரண்டாவது குறை, கோப்பு கைமாறுந்தோறும் பொறுப்பு கரைவது. திருச்சியில் தி.மு.க. பிரமுகர் கே.என். நேருவின் சகோதரர் ராமஜெயம் 2012 மார்ச் 29 ஆம் தேதி விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போனவர் மறைந்து, அன்றே சடலமாகக் கிடைத்தார். மாநகரப் போலீஸ், பின்பு மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி., உயர்நீதிமன்ற ஆணையால் சி.பி.ஐ., 2022 இல் மீண்டும் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு நான்கு கைகளில் தவழ்ந்தது; குற்றவாளி இன்னாரென்று நிலைநாட்டியவர் எவருமில்லை. ஒவ்வொரு கையும் முந்தைய கையைக் குற்றம் சொல்லும் சௌகரியத்தைப் பெற்றது. வழக்குப் பறிக்கப்படும் ஸ்தல அதிகாரி கோப்பை மட்டும் ஒப்படைக்கிறார். கோப்பில் ஏறாத சந்தேகங்களையும் பெயர்களையும் யார் யாரிடம் பேசினால் விஷயம் வெளிவரும் என்ற அனுபவத்தையும் தம்மோடு வைத்துக்கொள்கிறார். அவமானப்பட்டவர் அப்படித்தான் செய்வார்.

மத்திய அமைப்பு என்றாலே மாசற்றது என்னும் பாமர நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் சி.பி.ஐ. கைப்பற்றி முத்திரையிட்டு வைத்திருந்த தங்கத்தில் 103 கிலோ குறைந்துபோயிற்று. அதை விசாரிக்கும்படி 2020 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது மாநிலத்தின் சி.பி.சி.ஐ.டி.க்கு! மாநிலப் போலீஸ் விசாரித்தால் தன் மதிப்புக் குன்றும் என்று சி.பி.ஐ. தரப்பு முறையிட்டது, அத்தகைய உயர்வு தாழ்வைச் சட்டம் அறியாது என்று நீதிபதி பி.என். பிரகாஷ் நிராகரித்தார். இத்தனை தெளிவான பாடம் வேறெங்கும் கிடைப்பது துர்லபம்.

ஒருவரை நீக்கி மற்றவரை அமர்த்தாமல் இருவரையும் சேர்த்து அமர்த்தும் வழியும் உண்டு. மேலே சொன்ன திருச்சி வழக்கில் 2022 இல் அமைந்த குழுவில் மாநிலப் போலீஸ் அதிகாரிகளோடு சி.பி.ஐ. அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார். பத்தாண்டு தாமதித்து வந்ததால் பலன் தராதது அந்த அமைப்பு முறையின் குற்றமன்று. அது முதல் மாதத்திலேயே வந்திருக்க வேண்டியது. அந்தமானுக்கு அம்முறை மிகவும் பொருந்தும். பெருநிலம் ஏறத்தாழ 1,200 கி.மீ. கடலுக்கு அப்பால் இருக்க, கல்கத்தாவிலிருந்தோ தில்லியிலிருந்தோ விமானத்தில் வந்திறங்கும் அதிகாரிக்கு எந்தத் துறையில் எந்தப் படகு எந்நேரத்தில் அவிழ்க்கப்படுகிறது என்பது தெரியாது. ஆளை விமானத்திலோ கப்பலிலோ தொடர்ந்து சென்னையிலும் அயல்நாட்டிலும் தேடுவதற்கு வேண்டிய வசதியும், இன்டர்போலின் இந்தியக் கிளை என்ற அந்தஸ்தும் ஸ்தல நிலையத்துக்குக் கிடையா. கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர்ச் சுற்று அமர்வு ஒரு வழக்கை மாற்றும்போது, முதலில் விசாரித்த ஆய்வாளரையே, அவர்மீது குற்றச்சாட்டு இல்லாத பட்சத்தில், புதிய குழுவில் அங்கத்தினராக வைத்து ஆணையிட எத்தடையும் இல்லை. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193 ஆம் பிரிவு, புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார் தந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கோப்பு பயணத்திலிருக்கும் அந்த மாதங்களில் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கொடுத்தவரா, வாங்கியவரா என்பதையும் அதே ஆணையில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.