விசையைத் தேர்வது யார்?

25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் நான்கு விநாடிச் சுற்று ஒன்று உண்டு. வீரர் கையை 45 பாகைச் சாய்வில் தாழ்த்தி நிற்பார். பச்சை விளக்கு எரிந்ததும் கையை உயர்த்தி, அருகருகே நிற்கும் ஐந்து இலக்குகளிலும் இலக்குக்கு ஒரு குண்டாகச் சுட்டு முடிக்க வேண்டும். கை உயர்ந்து முதல் குண்டு போவதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஓடிவிடும். மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு குண்டுக்கு முக்கால் விநாடிகூடக் கிடைக்காது. அந்த வேகத்தில் விரல் யோசிப்பதில்லை, பழகியதை மட்டும் செய்கிறது. விசை எந்த எடையில் விடுபடும், எவ்வளவு தூரம் நகரும், விடுபட்ட பிறகு எங்கே நிற்கும் என்பதெல்லாம் விரலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விசை இலேசாக இருந்தால் வேகம் கூடும் என்பது புதிதாக வருகிறவர்களின் எண்ணம். விதிகளே அதற்கு இடம் தருவதில்லை. 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தது 1000 கிராம், 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்கு 1500 கிராம் என்று சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் வரையறுத்திருக்கிறது. குழலை நேர் செங்குத்தாகப் பிடித்து, மேசைமேல் இருக்கும் எடையை விசையால் தூக்கிக் காட்ட வேண்டும், மூன்று முயற்சிகள்தான். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் 50 மீட்டர் ரைபிளுக்கும் இந்தக் கீழ்வரம்பு இல்லை. அதனால்தான் நூறு கிராமை ஒட்டிய விசைகளை அங்கே சாதாரணமாகக் காண்கிறோம்.

வேகப் போட்டிக்கு ஏற்றது இரண்டு கட்ட விசை என்பது என் உறுதியான கருத்து. துப்பாக்கி இலக்கை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே விரல் முதல் கட்டத்தைக் கடந்து இரண்டாம் கட்டத்தின் சுவரில் போய் நின்றுவிடலாம். மொத்த எடையில் பெரும்பகுதி அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாம் கட்டத்துக்குச் சிறு அழுத்தம் போதும். ஒற்றைக் கட்ட விசையில் இந்த முன்னறிவிப்பு இல்லை. நடுங்கும் கைக்கு அது ஆபத்து, புதியவருக்கு இன்னும் ஆபத்து. இரண்டாம் கட்டம் கண்ணாடி உடைவதுபோல் பட்டென்று விடுபட வேண்டுமா, சற்றே உருண்டு விடுபட வேண்டுமா என்பதில் பயிற்றுநர்களிடையே பழைய சர்ச்சை உண்டு. நின்று நிதானித்துச் சுடும் ரைபிள்காரர்கள் பட்டென்று விடுபடுவதை விரும்புவார்கள். ரேபிட் ஃபயரில் பலர் உருளும் விசையைத் தேர்கிறார்கள். சுவரில் முட்டி நின்று, தயங்கி, பிறகு வெடுக்கென இழுக்கும் கெட்ட பழக்கத்துக்கு அதில் இடமில்லை.

இவ்வளவும் எந்த நாட்டுக்கும் பொதுவான இயந்திரவியல். இந்தியாவும் இலங்கையும் பிரிவது அதற்குப் பிறகு, விசையை யார் தேர்கிறார் என்ற இடத்தில்.

வேற்றுமைக்கு முன் ஓர் ஒற்றுமை. வெளிநாட்டுப் போட்டிகளில் குவிந்துவிட்ட அரைத் தானியங்கி ரைபிள் பந்தயங்கள் இரண்டு நாட்டிலும் குடிமக்களுக்கு எட்டாதவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் அவ்வகை ரைபிளைப் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் வைத்திருக்கின்றன. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் அடித்தளம். அங்கே அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் இசைவு வேண்டும். ஆகவே விரைந்து சுடுதல் என்றால் இரு நாட்டிலும் பிஸ்டல் போட்டிகள், ஏர் ரைபிள் இறுதிச் சுற்றில் கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் ஒற்றைக் குண்டுகள், பிறகு படையினரின் ரைபிள் பயிற்சி, அவ்வளவுதான்.

இந்தியாவில் .177 துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இந்த ஒரு விதிவிலக்கு விளையாட்டின் முகத்தையே மாற்றியது. நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளைக்கென்று வால்தர் ரைபிளோ ஃபைன்வெர்க்பாவ் ரைபிளோ வாங்கித் தருகிறார்கள். அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே தனக்கென்று சுடுதளம் வைத்துப் பழகினார், 2008இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் பெற்றார். சொந்தத் துப்பாக்கி இருப்பவர் தன் விரலின் முதல் கணுவுக்கு ஏற்ப, விரல் படியும் விசை நாவை முன்னும் பின்னும் நகர்த்தலாம், பக்கவாட்டில் திருப்பலாம், முதல் கட்டத்தின் நீளத்தை மாற்றலாம். மாற்றியதை யாரும் கலைக்க மாட்டார்கள்.

இந்த வசதிக்குள்ளேயே ஒரு நோயும் இருக்கிறது. மதிப்பெண் இறங்கியதும் திருகைத் திருப்பத் தொடங்குவது. இன்று 90 கிராம், அடுத்த வாரம் 70, பிறகு புதிய விசைத் தொகுதி. விரல் எதையும் பழகுவதற்குள் அது மாறிவிடுகிறது. எத்தனையோ திறமையான பிள்ளைகள் இந்தச் சுழலில் ஒரு முழுப் பருவத்தைத் தொலைப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இலங்கையில் நிலைமை வேறு. குறிபார்த்துச் சுடுதலைச் சுமப்பவை முப்படைகளும் பொலிஸும் கொழும்பு, கண்டிப் பக்கத்துச் சில பாடசாலைகளின் கழகங்களும்தான். துப்பாக்கி பெரும்பாலும் கழகத்துக்கோ படைக்கோ சொந்தம். காலையில் ஒரு மாணவி சுட்ட ரைபிளை மாலையில் இன்னொருத்தி எடுக்கிறாள். உள்நாட்டுப் போர்க்காலம் முழுவதும் குடிமக்களின் கையில் துவக்கு என்றாலே சந்தேகம்தான். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை விளையாட்டுக்காக அதைத் தொடுவது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியமாக இருந்தது. இத்தனை நெருக்கடிக்குள்ளும் 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் இணைப் போட்டியில் தங்கம் வென்றார்கள். தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் சுட்டார். 1994இன் அந்தப் பதக்கத்தின் எடையை நாம் இன்னும் சரியாக மதிக்கவில்லை.

பகிர்ந்துகொள்ளும் துப்பாக்கியின் விசையை எல்லோருக்கும் பொதுவாகத்தான் வைக்க முடியும். பாதுகாப்பை நினைத்துச் சற்றே கனமாக வைப்பார்கள், இரண்டாம் கட்டத்தின் சுவரைத் தெளிவாக வைப்பார்கள். குட்டை விரலுக்கும் நீண்ட விரலுக்கும் ஒரே நாவுதான். விரலின் நடுக் கணு விசையில் படிந்தால் அழுத்தம் நேர் பின்னோக்கி வராது, பக்கவாட்டில் தள்ளும்; குண்டு இடமோ வலமோ போகும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் தீராத குறை இது. ஆனால் திருகைத் தொட முடியாத காரணத்தால் விரல் மாறாத ஒன்றைப் பழகுகிறது. வேகப் போட்டிக்கு இது பெரிய மூலதனம் என்பேன்.

படையின் துப்பாக்கி என்றாலே பொது விசைதான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இந்தியாவின் மிகப் பெரிய ரேபிட் ஃபயர் வெற்றி தனியார் சுடுதளத்திலிருந்து வரவில்லை. மாவ் நகரிலுள்ள இராணுவக் குறிபார்ப்புப் பிரிவில் ரஷ்யப் பயிற்றுநர் பாவெல் ஸ்மிர்னோவிடம் பழகிய விஜய் குமார்தான் 2012இல் லண்டனில் வெள்ளி வென்றார். இறுதியில் 30 இலக்குகள் அவருடையவை. தங்கம் வென்ற கியூபாவின் லியூரிஸ் பூப்போவுக்கு 34. துப்பாக்கிக்கு விலை கொடுத்தது அரசு. ஆனால் அவ்வளவு உயரத்துக்குப் போகும் வீரரின் பிஸ்டலை வேறு கை தொடுவதில்லை, தோட்டாவை எண்ணிக் கொடுப்பதுமில்லை. ஆக, சொத்து யாருடையது என்பதைவிட விசை ஆண்டு முழுவதும் ஒரே விரலிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இலங்கைப் படைகள் தங்கள் முதல்தர வீரர்களுக்கு இதைச் செய்துகொடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

படை ரைபிள்களின் விசை பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியச் சிப்பாய்களின் ஒரு தலைமுறை எஸ்.எல்.ஆரின் நீண்ட, கனத்த விசையில் பழகியது. அடுத்த தலைமுறை இன்சாஸில் பழகியது. இலங்கைப் படையினர் கையில் சீனத் தயாரிப்பான டி-56. இவற்றில் விசையைத் தேரும் பேச்சே இல்லை, கிடைத்ததைப் பழக வேண்டும். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது விடுபடும் எடையைவிட, சுட்ட பிறகு விசை முன்னோக்கித் திரும்பி மறுபடி பற்றிக்கொள்ளும் புள்ளி. அதைத் தாண்டி விரலை முழுவதும் விட்டுவிடுகிறவர் ஒவ்வொரு குண்டிலும் நேரத்தை இழக்கிறார். டி-56இன் நீண்ட இழுவையில் பழகிய படைவீரர் போட்டிப் பிஸ்டலுக்கு மாறும்போது குண்டு தானாகப் போய்விட்டதுபோல் திடுக்கிடுவது இயல்பு. அவருக்கு 1000 கிராமுக்குச் சற்று மேலான உருளும் விசையைக் கொடுத்துத் தொடங்குவது நல்லது.

பருவநிலையும் எடையைத் தீர்மானிக்கும். டிசம்பரில் டில்லியின் கர்ணி சிங் சுடுதளத்தில் விரல் மரத்துப்போகும். கொழும்பிலும் சென்னையிலும் வியர்வையில் விரல் நாவின்மேல் வழுக்கும். இலேசான விசை குளிரில்தான் அதிகம் ஏமாற்றும். தொட்டது தெரிவதற்குள் குண்டு போயிருக்கும். சென்னைப் பிள்ளை டில்லிக்குப் போகும்போதும், கொழும்புப் பிள்ளை தியத்தலாவைக் குளிருக்குப் போகும்போதும் பத்து இருபது கிராம் கூட்டி வைத்துக்கொண்டு, அதே எடையில் ஊரிலேயே சில வாரம் முன்பிருந்து பழகிவிட்டுப் போகலாம்.

மாற்றுத் துப்பாக்கியின் விசையும் முதல் துப்பாக்கியின் விசையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். டோக்கியோவில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது, அதைச் சரிசெய்வதில் பல நிமிடங்கள் போயின, இறுதிச் சுற்றைச் சில புள்ளிகளில் தவறவிட்டார். கையில் எடுத்த உடனே விரல் ஏற்றுக்கொள்ளும் இரண்டாவது துப்பாக்கி இந்தியாவில் செலவுப் பிரச்சினை, இலங்கையில் எட்டாக் கனி.

தோட்டா இல்லாத பயிற்சியில் மட்டும் இரு நாடும் சமம். டிரை ஃபயர் செய்ய இறக்குமதியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். வசதி உள்ள இந்திய வீரர்கள் ஸ்காட் (SCATT) கருவியைக் குழலில் மாட்டி, விசை விடுபடும் கடைசிக் கணத்தில் குழல் எங்கே அலைகிறது என்று திரையில் பார்க்கிறார்கள். கருவி இல்லாத பாடசாலைக் கழகத்தில் ஒருத்தி வெற்றுச் சுவரைப் பார்த்துச் சுட, தோழி முன்பார்வைக் குறியையே கவனித்து, விடுபடும்போது அது துள்ளியதா என்று சொன்னால் போதும். அதே கழகம் இன்னொன்றும் செய்யலாம். விசை நாவு நகரும் தண்டில் மெல்லிய கோடுகள் இட்டு, ஒவ்வொரு மாணவிக்கும் எந்தக் கோடு என்று துப்பாக்கிப் பெட்டியில் இருக்கும் பதிவேட்டில் எழுதி வைத்தால், துப்பாக்கியைக் கைமாற்றும்போது ஒரு திருகைத் தளர்த்தி நாவை அவரவர் கோட்டுக்கு நகர்த்திவிடலாம். எடையைத் தொட வேண்டியதில்லை.