நிறம் பேசும் பக்கங்கள்

ரெய்னா டெல்கெமையரின் படக்கதைகளை இரண்டாம் முறை படிக்கும்போது கதையை விட்டுவிட்டுக் கட்டங்களைக் கவனிக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் கழிந்த தன் சிறுவயதைத்தான் அவர் மூன்று நூல்களில் வரைந்திருக்கிறார். ‘ஸ்மைல்’ (2010) நூலில் ஆறாம் வகுப்புச் சிறுமி விழுந்துவிடுகிறாள். ஒரு முன்பல் கழன்றுவிட, இன்னொன்று ஈறுக்குள் ஏறிவிடுகிறது. பிறகு பல ஆண்டுகள் பல் மருத்துவரின் நாற்காலிதான். ‘சிஸ்டர்ஸ்’ (2014) கொலராடோவுக்குப் போகும் நீண்ட கார்ப் பயணம். நடுநடுவே வரும் பழைய நினைவுகளின் பக்கங்கள் மட்டும் மஞ்சளேறியிருக்கும். காலம் பின்னே போனதை அந்த நிறமே சொல்லிவிடுகிறது.

உச்சம், ‘கட்ஸ்’ (2019). வாந்தி வந்துவிடுமோ என்ற பயம் சிறுமியைப் பிடிக்கும்போதெல்லாம் படத்தில் பச்சை பரவுகிறது. பதற்றம் எப்படியிருக்கும் என்று கேட்டால் பெரியவர்களே சொல்லத் திணறுவோம். ஒரு பத்து வயதுப் பிள்ளையோ அந்தப் பக்கத்தைக் காட்டி, “எனக்கும் இப்படித்தான் இருக்கும்மா” என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளின் பயத்தை இவ்வளவு மரியாதையோடு நடத்தும் ஓவியர்கள் அபூர்வம். படக்கதையெல்லாம் படிப்பா என்று ஒதுக்கும் பெற்றோர் இந்த மூன்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.