துறைமுகத்துக் கொடிக்குளவி

வயிறு முதுகில் ஒட்டியிருக்கும் பூச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? தூத்துக்குடிக்காரர் என்றால் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பழைய துறைமுகத்தை ஒட்டிய குடோன்களில், உச்சி வெயில் நேரத்தில் ஜன்னல் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளம், கன்னங்கரேல் உடம்பு, நீலக் கண்கள், உடம்புக்குப் பொருந்தாத நெட்டைப் பின்னங்கால்கள். நடக்கும்போது தக்கையான வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே போகும், பாய்மரத்தில் படபடக்கும் சிறு கொடி மாதிரி. அதுதான் கொடிக்குளவி. அறிவியல் பெயர் ஈவேனியா அப்பெண்டிகாஸ்டர். இவ்வளவு அழகான பூச்சி இந்த ஊரில் வேறு இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்!

அந்த இடுப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்லி மாளாது. மற்ற பெரும்பாலான குளவிகளுக்கு வயிறு பின்னங்கால்களின் அடியை ஒட்டிக் கீழே தொடங்கும். ஈவேனியாவுக்கோ ஒல்லிக் காம்பு நடுவுடலின் மேற்பக்கத்தில் முளைக்கிறது. அதன் நுனியில் பக்கவாட்டில் தட்டையான குட்டி வயிறு. பெண்ணுக்கு முக்கோணம், ஆணுக்கு நீள்வட்டம். இன்னொன்றும் கேளுங்கள்: காம்பு முளைக்கும் அந்த முதுகுப் பகுதியே உண்மையில் வயிற்றின் முதல் கண்டம். எறும்பு, தேனீ, குளவி எல்லாவற்றிலும் அது முன்னால் நகர்ந்து மார்போடு ஒட்டிவிட்டது. லென்ஸ் வைத்து இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லின்னேயஸ் 1758-இல் இதை இக்நியூமன் பேரினத்தில் சேர்த்தார். அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ் 1775-இல் பிரித்தெடுத்து ஈவேனியா என்று தனிப் பேரினம் ஆக்கினார். இப்போது முதுகில் இடுப்புள்ள மூன்று குடும்பங்களை ஒரே பெருங்குடும்பமாக வைத்திருக்கிறார்கள். ஆலாசிடே மரம் துளைக்கும் புழுக்களைத் தேடிப் போகிறது. காஸ்டெரப்டிடே தனித்து வாழும் தேனீக்களின் கூட்டுக்குள் நுழைகிறது. ஈவேனிடேவுக்குக் கரப்பானின் முட்டைப்பை. இந்தக் குடும்பத்தில் மட்டும் 400-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பேரினம் பிரிக்க முன்னிறகு நரம்புகளைப் பார்க்க வேண்டும். ஈவேனியாவில் நரம்புகள் ஓடிச் சந்தித்து இறகை நிறைய அறைகளாக்குகின்றன. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹிப்டியாவில் பெரும்பாலானவை அழிந்துபோய் ஓரிரு அறைகளே மிச்சம். டீன்ஸ், ஹூபன் இருவரும் 2003-இல் வெளியிட்ட உலகப் பேரினங்களுக்கான அடையாளத் திறவுகோலிலும் இறகுக்கு முக்கிய இடம் உண்டு.

ஒருநாள் மூட்டை இறக்கும் தம்பி ஒருவர் பதறினார்: "அண்ணாச்சி, கையில பிடிக்கியளே, கொட்டிராதா?"

"கொட்டாதுப்பா. இது நம்ம ஆளு!"

நம்ம ஆளேதான். கரப்பானின் முட்டைப்பைக்குப் பக்கத்தில் தாய்க் குளவி ஒருக்களித்துப் படுத்து, உள்ளே ஒரே ஒரு முட்டை இடும். அதிலிருந்து வரும் புழு, பதினைந்து பதினாறு கரப்பான் முட்டைகளையும் ஒன்று விடாமல் தின்று தீர்க்கும். மருந்து இல்லை, நாற்றம் இல்லை. சரக்கோடு கப்பலேறிக் கரப்பான் போன ஊருக்கெல்லாம் இதுவும் போயிருக்கிறது. இந்தக் குளவியின் பூர்வீகம் ஆசியா என்றே கருதுகிறார்கள். வெப்பநாட்டுத் துறைமுகங்களில் இன்று இதைக் காண்பது சாதாரணம். தயவுசெய்து ஜன்னலில் பார்த்தால் துடைப்பத்தை ஓங்காதீர்கள், கதவைத் திறந்து விடுங்கள்.

குளவி கண்ணில் படவில்லையா? அலமாரிக்குப் பின்னால் கிடக்கும் காலி முட்டைப்பைகளைப் பொறுக்கிப் பாருங்கள். கரப்பான் குஞ்சுகள் மேல்விளிம்பைத் திறந்து வெளியேறும், துளை விழாது. வட்டமாக, துப்புரவாக ஒரு துளை இருந்தால் அங்கே ஈவேனியா வளர்ந்திருக்கிறது. ஊசி குத்திய அளவுதான் துளை என்றால் அது அப்ரோஸ்டோசெட்டஸ் என்கிற பொடிக்குளவி. ஒரே பையிலிருந்து டஜன் கணக்கில் கிளம்பும். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்!